கரையாப் பிசினும் மரப் பாதுகாப்பும்

ஆந்திர மாநிலத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பழங்குடி மக்களுக்கு, வேளாண்மை வேலை குறைந்த கோடையில் வருவாய் அளிப்பது கரையாப் பிசின். பாறை மிகுந்த வறண்ட குன்றுகளில், வெளிறிய மெல்லிய பட்டையுடன் வளரும் காட்டு மரமொன்றிலிருந்து இது வடிகிறது. ஸ்டெர்க்யூலியா யூரென்ஸ் என்பது அம்மரத்தின் தாவரவியற் பெயர். இப்பிசின் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு உப்பும் இயல்புடையது. ஆதலால் மலச்சிக்கலுக்கு மருந்தாகவும், பொய்ப்பற்களைப் பொருத்தும் பசையாகவும் பயன்படுகிறது.

மிகுதியாகப் பிசின் பெறும் ஆசையால் மரத்தைக் கோடரி கொண்டு ஆழமாக வெட்டும் வழக்கம் முன்பு பரவியிருந்தது. உட்கட்டை வரை சென்ற காயம் எளிதில் ஆறுவதில்லை. பூச்சிகளும் பூஞ்சணமும் அதன் வழியே புகுந்து மரத்தைப் பட்டுப்போகச் செய்கின்றன. இது விதை நெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

மரம் பிழைத்திருக்கப் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளல் வேண்டும்:

1. மார்பளவு உயரத்தில் 90 சென்டிமீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள மரங்களிலேயே பிசின் எடுக்க வேண்டும்.

2. கோடரியை விலக்கி, கூரிய சிறு கத்தியால் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கட்டையில் கத்தி படலாகாது.

3. சீவிய முதல் 24 மணி நேரத்தில் பிசின் மிகுதியாக வடியும். பின்னர்ச் சில நாட்கள் குறைந்து வடியும். அது நின்ற பிறகே காயத்தின் விளிம்பை மீண்டும் மெல்லச் சீவலாம்.

4. மழை தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். காயம் ஆறும் வரை மரத்துக்கு ஓய்வு தேவை.

பட்டைத் துணுக்கும் மண்ணும் கலவாத வெண்ணிறப் பிசினுக்கே உயர்ந்த விலை கிடைக்கும். ஆகவே பொறுமையாகச் சீவுவோர்க்கு மரமும் மிஞ்சுகிறது, வருவாயும் கூடுகிறது. 1956-இல் ஆந்திரத்தில் நிறுவப்பெற்ற கிரிஜன் கூட்டுறவுக் கழகம் இப்பிசினைப் பழங்குடியினரிடமிருந்து கொள்முதல் செய்து வந்துள்ளது.

எனினும், “நாம் விட்டுவைத்தால் பிறர் வெட்டிவிடுவர்” என்ற அச்சம் உள்ளவரை எவரும் பொறுமை காக்கமாட்டார். இவ்வச்சத்தைப் போக்குவது ஊராரின் கூட்டுப் பொறுப்பாகும். சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை, தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்வோர்க்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அளித்துள்ளது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்கியுள்ளது.

ஆதலின் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையைக் கூட்டி, மரங்களைக் கணக்கெடுத்து, இன்ன மரங்கள் இன்ன குடும்பத்தாரின் பொறுப்பு என வரையறுத்தல் நலம். அடுத்த கோடையிலும் இம்மரம் தமக்கே பயன்தரும் என்ற உறுதி பெற்றவர் அதனை ஆழ வெட்டத் துணியார்.