இல்லாத டிரைவைத் தேடும் கம்ப்யூட்டர்



நம் டிரஸ்ட் அலுவலக லேப்டாப்பில் புதிய கணக்கு மென்பொருளை ஏற்ற முயன்றபோது ஒரு சிக்கல் வந்தது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவருக்கும் இது வரலாம் என்பதால், அது தீர்ந்த விதத்தை இந்த இதழில் பாடமாகவே எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

மென்பொருள் பாதியில் நின்று, ‘எரர் 1327, இன்வேலிட் டிரைவ்: இ’ என்று ஒரு சிறு பெட்டி தோன்றியது. மறுபடி முயன்றோம், மறுபடி அதே பெட்டி. கடைக்குக் கொண்டுபோனதற்கு, “ஃபார்மட் பண்ணினால்தான் சரியாகும்” என்றார்கள். அதில்தான் கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் விண்ணப்பங்களும், விதவைகள் மாத உதவிப் பட்டியலும் இருந்தன. ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும். எனக்குக் கோபம் வந்து, தினமும் மாலையில் வந்து பதிவு செய்து தரும் தம்பியைப் பார்த்து, “நீ எதையோ நோண்டியிருக்கிறாய்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியில் இருந்ததை நிதானமாகப் படித்துவிட்டு, “மாமா, இந்த லேப்டாப்பில் இ டிரைவே இல்லையே. அப்புறம் ஏன் அதைத் தேடுகிறது?” என்று கேட்டார். விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

ஏன் இப்படி?

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போன்றவை விண்டோஸ் தானே வைத்திருக்கும் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றும் எந்த டிரைவில் இருக்கிறது என்ற முகவரியை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய மென்பொருளை ஏற்றும்போது, விண்டோஸ் இன்ஸ்டாலர் அந்த முகவரிகளைச் சரிபார்க்கிறது. ஒரு முகவரி இல்லாத டிரைவைக் காட்டினால், அந்த ஃபோல்டருக்கும் புதிய மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், வேலை நின்றுவிடலாம். வீடு மாறியவர் ரேஷன் கார்டில் பழைய முகவரியை மாற்றாமல் விட்டதைப் போன்றதுதான் இது. ஆள் நலமாக இருக்கிறார், பதிவுதான் தவறு.

எங்கள் லேப்டாப்பில் அந்த முகவரியை மாற்றியது யார்? நான்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றியிருந்தேன். அன்று அதுதான் இ டிரைவ். பிறகு டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்தேன். மாற்றியதையே மறந்தும் போனேன். டாக்குமென்ட்ஸ் திறக்கவில்லை என்று அந்தத் தம்பி முன்பே சொல்லியிருக்கிறார். “டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, காரணத்தைத் தேடாமல் விட்டேன்.

சரிசெய்யும் முறை

1. முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. பிழைச் செய்தியை முழுமையாகப் படித்து எண்ணையும் டிரைவ் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1327 என்றால் டிரைவ் இல்லை என்று பொருள். 1606 என்றால் ஒரு ஃபோல்டரின் முகவரியை அடைய முடியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் பெரும்பாலும் மருந்து ஒன்றுதான்.

3. கழற்றிய டிஸ்க் கையில் இருந்தால் செருகுங்கள். அதே எழுத்தில் வந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டாக்குமென்ட்ஸ் மீது வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், லொகேஷன், ரெஸ்டோர் டிஃபால்ட், அப்ளை என்று வரிசையாகச் செல்லுங்கள். கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும்போது ‘எஸ்’ கொடுத்தால் அவையும் பழைய இடத்துக்கே வந்துவிடும். பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றையும் இப்படியே பார்த்துவிடுங்கள்.

4. டிஸ்க் இல்லை, அல்லது லொகேஷன் பக்கம் திறக்கவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த வேண்டும். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ரெஜெடிட் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். எச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து செல்லுங்கள். எதையும் தொடும் முன் ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாக அந்தப் பகுதியைச் சேமித்து வையுங்கள்.

வலப்புறப் பட்டியலில் எந்த வரியில் இல்லாத டிரைவின் எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். டாக்குமென்ட்ஸ் இங்கே ‘பெர்சனல்’ என்ற பெயரில் இருக்கும். பலர் தடுமாறும் இடம் இது. அந்த வரியில் இரு கிளிக் செய்து, பக்கத்தில் சரியாக இருக்கும் வரிகளைப் போலவே, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் யூசர்புரொஃபைல் என்று ஒரே சொல்லாகவும், பிறகு பின்சாய்கோடும், டாக்குமென்ட்ஸ் என்பதும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். மேலேயே ‘ஷெல் ஃபோல்டர்ஸ்’ என்று இன்னொன்றும் இருக்கும். அதைத் தொட வேண்டாம்; பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே அதற்குள் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது.

5. இங்கே தவறு எதுவும் தெரியாவிட்டால், எச்கீ லோக்கல் மெஷின் என்பதன் கீழ் இதே வழியில் சென்று ‘காமன்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். டெம்ப், டிஎம்பி என்ற தற்காலிக ஃபோல்டர்களின் முகவரியையும் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பகுதியில் சரிபாருங்கள்.

6. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து மென்பொருளை மீண்டும் ஏற்றுங்கள்.

எங்களுக்கு நான்காவது படியிலேயே தீர்வு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒரே ஒரு வரியைத்தான் திருத்தினோம். ஒரு பெயர்கூட அழியவில்லை.

மீண்டும் வராமல் இருக்க

கழற்றக்கூடிய டிஸ்க்குக்கோ பென்டிரைவுக்கோ விண்டோஸ் ஃபோல்டர்களை மாற்றாதீர்கள். பத்திரப்படுத்த வேண்டுமானால் நகல் எடுத்து வையுங்கள். நகல் வேறு, இடமாற்றம் வேறு. சி டிரைவில் இடம் இல்லை என்று டி டிரைவுக்கு மாற்றுபவர்கள், அதற்குள் தனி ஃபோல்டர் ஒன்று உருவாக்கி அதைக் காட்டுங்கள். மொத்த டிரைவையும் காட்டினால் பிறகு திரும்ப மாற்றுவது சிரமம். செய்த மாற்றத்தை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். நான் எழுதி வைத்திருந்தால் இந்தப் பாடத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்தத் தம்பியிடம், என் பேச்சைக் கேட்டிருந்த எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஓதிக் கற்றவர்கள் நாம். கம்ப்யூட்டர் தந்த செய்தியைப் படிக்காமல் ஒரு பிள்ளையின் மீது பழி போட்டேன். அவர் படித்துப் பார்த்ததால் பல குடும்பங்களின் அமானத் காப்பாற்றப்பட்டது.

இதே பிழை வந்து தடுமாறுபவர்கள் ஃபார்மட் செய்யும் முன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தம்பியும் நானும் சேர்ந்து பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்