வண்டி நின்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள்



நமது வட்டியில்லாக் கடன் நிதிக்கு வரும் விண்ணப்பங்களில் மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் இவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வருவது வண்டி ரிப்பேர். வேங்கிக்காலிலும் சுற்றுப்பக்கத்திலும் பழைய மாருதி ஆம்னி, லோடு ஆட்டோ, ஷேர் ஆட்டோ இவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆம்னியின் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. இன்று ஓடுபவை எல்லாம் வயதான வண்டிகள்தான். அவற்றில் என்ஜினைவிட ஒயரிங்தான் அதிகம் தொல்லை தருகிறது. அதைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் டைனமோ மாற்ற கடன் கேட்டு வந்தார். அதிகாலையில் ஆம்னியில் பேக்கரிப் பண்டங்களை ஏற்றிக்கொண்டு போளூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போடுபவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதலில் புது பேட்டரி வாங்கினார். நான்கு நாள் ஓடி, மறுபடி நின்றது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்தார். திரும்பவும் அதே கதை. இனி டைனமோதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இதற்குள் கைமாற்றாக வாங்கிய கடனே கழுத்தளவு ஆகியிருந்தது.

நம் கமிட்டியில் லாரி ஒயரிங் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிச்சா, லைட் என்ன ஆகுது?”

“லைட் பளிச்னுதான் பாய் எரியுது. செல்ஃப் மட்டும் டக்குனு ஒரு சத்தம் போட்டுட்டு நின்னுடுது.”

“ஆக்சிலேட்டர் கேபிள் சூடாகுதா?”

சகோதரர் விழித்தார். அஸருக்குப் பிறகு வண்டியைப் போய்ப் பார்த்தோம். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்ததும் கேபிளைத் தொட்டால் உண்மையிலேயே சூடு. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, போல்ட் இருக்கும் இடத்தில் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. பேட்டரி, செல்ஃப், டைனமோ மூன்றிலும் எந்தக் குறையும் இல்லை. ஒரு புதுப் பட்டை, கொஞ்சம் உப்புத்தாள், அரை மணி நேர வேலை. அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? வீட்டு ஒயரிங்கில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. வண்டியில் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவது பாடி வழியாக. பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். என்ஜினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் தனியாக ஒரு எர்த் பட்டை. அது போய்விட்டால், செல்ஃப் கேட்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் திரும்பி வர வழியில்லாமல் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் நுழையும். ஹெட்லைட்டின் எர்த் நேரே பாடியில் இருப்பதால் அது மட்டும் பளிச்சென்று எரியும்.

ஹெட்லைட் சோதனைக்குக் காசு செலவில்லை. செல்ஃப் அடிக்கும்போது லைட் மங்கி அணைந்தே போனால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பேட்டரி டெர்மினல் பூத்துப்போயிருக்கிறது. லைட் மங்காமல் ‘டக்’ மட்டும் கேட்டால் என்ஜின் எர்த், செல்ஃபுக்குப் போகும் தடித்த ஒயர், இல்லையென்றால் செல்ஃபேதான். சத்தமே இல்லாமல் லைட் மட்டும் எரிந்தால் சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தபடி மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலியாகிவிட்டது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் டைனமோ பெல்ட்டை முதலில் பாருங்கள், பிறகு அதன் ஒயரை, கடைசியாகத்தான் டைனமோவை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடும்.

எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அந்தச் சகோதரரின் வண்டியில் 4 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்கு ஒரு ஜம்பர் கேபிள் போட்டதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. பின்விளக்குக்கும் இதே கதைதான். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அந்த விளக்கின் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றித் தேய்த்துப் போடுங்கள்.

இரவில் நிறுத்தினால் காலையில் பேட்டரி டவுன் என்பது இன்னொரு பெரிய புகார். பெரும்பாலும் பிறகு மாட்டிய பாட்டுப்பெட்டி, போன் சார்ஜர், அலங்கார விளக்கு இவற்றில்தான் கசிவு இருக்கும். எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வையுங்கள். 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. அரை ஆம்பியர் ஓடினால் இரண்டு நாளில் 24 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அதற்குப் பிறகு என்ன மிஞ்சும்? ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

ஃப்யூஸ் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஃப்யூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. 15 ஆம்பியர் நீல ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைப் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிவிடுவதும் நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அப்போது ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும். கேஸ் கிட் மாட்டிய ஆம்னியில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை ஒயர் வைத்து மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள விளக்கு, ஹார்ன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போனால், எங்கே பல்ப் அணைகிறதோ அங்கேதான் ஒயர் உரசியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் சாலைக்கு வரும் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்கு எர்த் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாகக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கை மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். டைனமோவைச் சோதிக்க என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய காலத்து வழக்கம். இன்றைய ஆல்டர்னேட்டரில் அது நல்ல டயோடையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு மணி நேரம் தேடிவிட்டு ஒரு போல்ட்டைத் தேய்த்தவருக்கு நூறு ரூபாய் கொடுக்கவே நாம் முகம் சுளிக்கிறோம். புதுச் சாமான் மாட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பிறகு அவர் எதற்காகத் தேட வேண்டும்? தேடும் வேலைக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வண்டி ரிப்பேருக்கான கடன் விண்ணப்பத்தில் இனி மூன்று அளவுகளை எழுதித் தர வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நின்ற நிலையில் வோல்ட், ஓடும் நிலையில் வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எர்த்தில் காட்டும் வோல்ட். மீட்டர் இல்லாதவர்களுக்காக அலுவலகத்தில் இரண்டு மீட்டரும் ஒரு ஜோடி ஜம்பர் கேபிளும் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே வந்து பெயர் எழுதி எடுத்துப் போகலாம். மறுநாள் லுஹருக்குள் திருப்பித் தாருங்கள், அடுத்தவர் காத்திருப்பார். அளந்து பார்க்கத் தெரியாதவர்கள் வண்டியையே கொண்டுவரலாம். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.