நாற்பதுக்குப் பின் குத்துச்சண்டையா?

2011 மே 21இல் எமது மொன்றியல் பெல் சென்ரரில், 46 வயதான பேர்னாட் ஹொப்கின்ஸ், 28 வயது ஜோன் பஸ்காலைப் புள்ளிகளால் வென்று உலகப் பட்டம் பெற்றார். 1994இல் ஜோர்ஜ் போர்மன் 45 வயதில் படைத்த சாதனை முறிந்தது. "அப்படியென்றால் எனக்கும் ஏலும்தானே, டொக்டர்?" என்று நாற்பது தாண்டிய அப்பாமார் கேட்பதுண்டு.

வயதுடன் தசைப்பலமும் கைவேகமும் குறையும். காயம் ஆற நாளெடுக்கும். ஹொப்கின்ஸ் இவற்றை அனுபவத்தாலும், உணவுக் கட்டுப்பாட்டாலும், அடி வாங்காத தற்காப்பாலும் ஈடுசெய்தார். ஆனால் தலையில் விழும் அடிகளின் பாதிப்பு மூளையில் சேர்ந்துகொண்டே போகும். அதை எந்த அனுபவமும் ஆற்றாது.

ஆகவே கயிறு துள்ளுங்கள், மணற்பையைக் குத்துங்கள். தலையில் அடிபடும் மோதலைத் தவிருங்கள். எம்மவருக்கு நீரிழிவும் இருதய நோயும் இளவயதிலேயே வருவதால், தொடங்குமுன் இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள்.