சிகாகோவில் தனியே மூன்று நாள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிகாகோவில் இரண்டு மூன்று நாள்தான் கையில், கூட வர ஆளும் இல்லை என்றால் தயங்க வேண்டாம், போய்விட்டு வாருங்கள். அமெரிக்காவின் மத்திய மேற்கில் கார் இல்லாமல், நடந்தும் ரயிலேறியும், தனியாளாகச் சுற்றிப் பார்க்க இவ்வளவு தோதான ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம். 1871 தீயில் நடுநகரம் சாம்பலானது. அதன்பின் எழுந்த ஊர் இது. எழும்போதே ஏரிக்கரையையும் பூங்காவையும் பொதுச்சொத்தாக வைத்துக்கொண்டது. இங்கே மிகச் சிறந்தவை பல, டிக்கெட் இல்லாமல் பார்க்கக்கூடியவை. குறுகிய பயணத்தில் நேரத்தை முதலில் அவற்றுக்குக் கொடுங்கள், மீதி நேரத்தைக் கட்டண இடங்களுக்கு வையுங்கள்.

செய்ய வேண்டியவை

• விமான நிலையத்திலிருந்து ரயிலிலேயே ஊருக்குள் வாருங்கள். ஓஹேரில் இறங்கினால் நீல வழித்தடம், மிட்வேயில் இறங்கினால் ஆரஞ்சு வழித்தடம். நீலத் தடம் இரவு பகலாக ஓடுகிறது, நடுநகருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். டாக்ஸிக் காசைப் பங்கு போட ஆள் இல்லாதவருக்கு இந்த மிச்சம் பெரிது. தொட்டுப் பணம் கட்டும் வங்கி அட்டை இருந்தால் ரயில் நிலைய வாசலில் அதையே தொட்டுவிட்டு உள்ளே போகலாம். நாள் முழுக்க ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறுவதாக இருந்தால் வென்ட்ரா செயலியில் ஒருநாள் பாஸ் எடுங்கள்.

• முகவரிக் கணக்கை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து பெரும்பாலும் ஒரு மைலுக்கு 800 எண் என்று கணக்கு. 2400 வடக்கு என்று முகவரி சொன்னால் அது அந்த முனையிலிருந்து மூன்று மைல் வடக்கே. ஏரி எப்போதும் கிழக்கில். இவ்வளவு தெரிந்தால் போதும், தெருமுனையில் நின்று ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலை குறையும். தனியாக நடப்பவர் வழி தெரிந்தவராக நடப்பது பாதிப் பாதுகாப்பு.

• முதல் காலை நேரத்தைக் கட்டடங்களுக்கு ஒதுக்குங்கள். ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேரும் மூலையில் மோனட்னாக் கட்டடம் நிற்கிறது. அதன் வடக்குப் பாதி 1891-ல் கட்டி முடிந்தது. பதினாறு மாடியின் பாரத்தையும் செங்கல் சுவரே சுமக்கிறது. அதனால் அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறடி. தரைத்தள ஜன்னல் ஒன்றின் பக்கவாட்டில் நின்று, கண்ணாடி எவ்வளவு உள்ளே தள்ளிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். இதே முறையில் இன்னும் உயரம் போனால் கீழே கடை வைக்க இடமே மிஞ்சாது. பாரத்தை உலோகச் சட்டகத்திடம் கொடுத்துவிட்டு, சுவரை வெறும் மறைப்பாக்கும் வழி 1885-ல் வில்லியம் லெ பாரன் ஜென்னி கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்திலேயே தொடங்கியிருந்தது. முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் அந்தக் கட்டடத்தை 1931-ல் இடித்துவிட்டார்கள். ஆனால் மோனட்னாக்கின் தெற்குப் பாதி 1893-ல் எஃகுச் சட்டகத்தோடு எழுந்தது, அது இன்றும் இருக்கிறது. ஒரு தலைமுறையின் கட்டடக்கலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை ஒரே நடைபாதையில் கடக்கலாம்.

அப்படியே ஜாக்சன் தெருவில் மேற்கே நடந்தால் வில்லிஸ் கோபுரம். பழைய பெயர் சியர்ஸ் கோபுரம், 110 மாடி. இவ்வளவு உயரத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தியவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, சிலவற்றைப் பாதியில் நிறுத்தி, சிலவற்றை மட்டும் உச்சிவரை கொண்டுபோனார். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால் எந்தக் குழாய் எங்கே நிற்கிறது என்று எண்ணவே முடியும். கோபுரத்துக்கு அருகே ஒரு தெருமுனைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கூட வந்தவருக்குக் கால் வலிக்குமோ, பசிக்குமோ என்ற யோசனை இல்லாமல் ஒரு கட்டடத்தின் முன் கால் மணி நேரம் நிற்க முடிவது தனிப்பயணத்தின் பெரிய வசதி. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

• காசு செலவழித்துச் செய்ய ஒன்றே ஒன்று என்றால் ஆற்றில் படகுப் பயணம். வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை கட்டடக்கலை விளக்கத்தோடு படகுகள் ஓடுகின்றன, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலையில் நடந்து பார்த்ததெல்லாம் அப்போது கோர்வையாகப் புரியும். நீங்கள் போகும் அந்த ஆறு 1900 வரை ஏரியில் கலந்துகொண்டிருந்தது. ஊரின் சாக்கடை குடிநீர் ஏரியில் சேர்ந்து நோய் பரவியதால், கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். இறங்கியதும் மிச்சிகன் அவென்யூ பாலத்துக்கு வடக்கே ட்ரிப்யூன் கோபுரத்தின் அடிச்சுவரைச் சுற்றி வாருங்கள். உலகின் பல நினைவுச் சின்னங்களிலிருந்து கொண்டுவந்த கல் துண்டுகளைப் பெயர் பொறித்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். தாஜ்மஹால் துண்டும் அதில் உண்டு.

• ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் நாகப்பட்டினத்துப் புத்தரைப் பார்க்காமல் வராதீர்கள். வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் அந்த வாசலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் சூராவின் ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தையும் கிராண்ட் வுட்டின் கவைக்கோல் பிடித்த விவசாயியையும் தேடி ஓடுவார்கள். அவையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் தெற்காசியக் கலைக்கூடத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கருங்கல் புத்தர் தியான நிலையில் அமர்ந்திருக்கிறார். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் உதவியோடு சூடாமணி விகாரம் எழுந்த துறைமுக ஊரிலிருந்து வந்தவர். அந்த விகாரத்துக்கான கொடையைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு அவர் முன்னால் நிற்கும்போது வரலாறு நேரில் வந்தது போலிருக்கும். அந்தக் கூடமே ரயில் பாதைக்கு மேலே பாலமாகக் கட்டப்பட்டது.

இதே கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் பேசினார். வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர்ப்பலகை உண்டு. அவரை இங்கே அனுப்பிவைத்ததில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதிக்கும், சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளுக்கும் பங்கு உண்டு. வாரத்தில் சில நாள் அருங்காட்சியகம் மூடியிருக்கும், நாள் பார்த்துப் போங்கள்.

• எதிர்ச்சாரியில் வடக்கே இருக்கும் சிகாகோ கல்ச்சுரல் சென்டருக்குள் ஏறிப் பாருங்கள். 1897-ல் பொது நூலகமாகத் திறந்த மாளிகை. டிஃபனி கண்ணாடிக் கூரை 38 அடி அகலம். அனுமதி இலவசம். உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் இருப்பதால், நடந்து களைத்தவர்களுக்கு இது நல்ல நிறுத்தம்.

• ஏரிக்கரையில் காலாற நடங்கள். கரையோரப் பாதை 18 மைல் நீளம். முழுதும் வேண்டாம், கிரான்ட் பூங்காவிலிருந்து ஆட்லர் கோளரங்கம் இருக்கும் முனைவரை போனால் போதும், ஊரின் கட்டட வரிசை முழுக்க ஒரே பார்வையில் விரியும். இவ்வளவு மதிப்புள்ள நிலத்தில் கட்டடம் முளைக்காமல் இருப்பது தற்செயல் இல்லை. தபாலில் சரக்கு விற்றுப் பெரும் பணக்காரரான மான்ட்கோமரி வார்டு, பூங்காவில் கட்டடம் எழுப்ப முயன்றவர்கள்மீது 1890 முதல் இருபது ஆண்டுகள் வழக்கு நடத்தினார். ஊர்ப் பெரியவர்களும் பத்திரிகைகளும் அவரைத் திட்டினார்கள். இன்று அந்தப் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் படுத்துக் கிடக்கலாம்.

• அரை நாள் ஹைட் பார்க்குக்குக் கொடுங்கள். பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்ட வேண்டாம். மில்லினியம் நிலையத்தில் மெட்ரா மின்ரயில் ஏறி 55-56-57ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். ஆர்ட் இன்ஸ்டிடியூட் கூடத்துக்கு அடியில் போகும் ரயில் இதுதான். இறங்கிய பக்கம்தான் சிகாகோ பல்கலைக்கழகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-ல் இங்கே ஆசிரியராகச் சேர்ந்து 1995-ல் இறக்கும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தோடே இருந்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். ஏ.கே.ராமானுஜன் 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது வேலை பார்த்ததும் இங்கேதான். சங்கப் பாடல்களை உலகக் கவிதை வாசகர்கள் மேசைக்குக் கொண்டுபோனதில் அந்தச் சிறு நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. வளாகத்தில் நடக்கும்போது இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளாமல் ஒரு தமிழ் வாசகர் போக முடியாது.

அங்கேயே மூன்று இடம் பாருங்கள். ஃபிராங்க் லாய்டு ரைட்டின் ரோபி வீடு, 1910. 1942 டிசம்பர் 2 அன்று ஃபெர்மியும் குழுவினரும் முதல் அணுக்கரு தொடர்வினையை நடத்திக்காட்டிய இடத்தில் ஹென்றி மூர் செய்த சிற்பம். செமினரி கோ-ஆப் புத்தகக் கடை. அந்தக் கடைக்கு ஒரு மணி நேரம் போதாது.

• இட்லி தோசை ஏக்கம் வந்தால் டெவான் அவென்யூ. 6400 வடக்கு, அதாவது எட்டு மைல். சிவப்புத் தடத்தில் லொயோலா நிலையம்வரை போய், அங்கிருந்து 155 பஸ்.

செய்யக்கூடாதவை

• கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். நடுநகரில் ஓர் இரவுக்கு வண்டி நிறுத்தும் காசில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

• எல்லா இடத்துக்கும் சேர்த்து விற்கும் சுற்றுலா பாஸை யோசிக்காமல் வாங்காதீர்கள். காசு கொடுத்துவிட்டோமே என்று ஒவ்வோர் இடமாக ஓடவேண்டி வரும். அருங்காட்சியகங்களின் ‘இலவச நாள்’ அறிவிப்பையும் நம்பித் திட்டம் போட வேண்டாம். அவை பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

• கோபுர உச்சிக்குப் போகும் டிக்கெட்டை வாரங்களுக்கு முன்பே எடுக்காதீர்கள். மேகம் தாழ்ந்தால் வில்லிஸ் கோபுரத்தின் 103ஆவது மாடியில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள், உச்சி தெரிந்தால் மேலே போகலாம். உச்சிக்கு டிக்கெட் விற்கும் எல்லாக் கோபுரத்திலும் ஏற வேண்டியதில்லை, ஒன்று போதும். போகாமலே விட்டாலும் நஷ்டமில்லை.

• வாக்கர் டிரைவில் ஃபோன் வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். ஆற்றோரம் அந்தச் சாலை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக ஓடுகிறது. நீலப்புள்ளிக்கு நீங்கள் மேலே நிற்கிறீர்களா, கீழே நிற்கிறீர்களா என்று தெரியாது. டாக்ஸி கூப்பிடும்போது இங்கே அதிகம் குழப்பம் வரும். ஒரு தெரு தள்ளி வந்து கூப்பிடுங்கள்.

• இரவில் ஆளில்லாத ரயில் பெட்டியில் ஏறாதீர்கள். ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். கதவோரம் உட்கார்ந்து ஃபோனைக் கையில் நீட்டி வைத்திருக்க வேண்டாம், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். லூப் எனப்படும் நடுநகரப் பகுதி அலுவலகம் முடிந்ததும் அடங்கிவிடும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே சும்மா சுற்ற வேண்டாம். பெண்கள் தனியாக வந்தால் விடுதியை ரயில் நிலையத்துக்கு இரண்டு மூன்று தெருவுக்குள், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பிடிப்பது நிம்மதி.

• அதற்காகத் தொலைக்காட்சிச் செய்திகளைக் கேட்டுவிட்டு, ‘தெற்குப் பக்கமே போகக்கூடாது’ என்று முடிவு கட்டாதீர்கள். தெற்கு என்பது ஒரு தெரு இல்லை, ஒரு பெரிய ஊர். ஹைட் பார்க் தெற்கில்தான் இருக்கிறது. பகலில், போகும் இடம் தெரிந்து போங்கள். தெரியாத குடியிருப்புகளில் இருட்டில் அலைய வேண்டாம். எந்த நகரத்துக்கும் இதே நிதானம்தான் வேண்டும். இப்படிப் பயந்தே பாதி ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

• பேச்சுக்கொடுப்பவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பஸ் நிறுத்தத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் முன்பின் தெரியாதவர்கள் இயல்பாகப் பேசுவது இந்த ஊர் வழக்கம். நன்றாகப் பேசலாம். எந்த விடுதியில் தங்கியிருக்கிறீர்கள், தனியாகத்தான் வந்தீர்களா என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.

• டீப் டிஷ் பீட்சாவைப் பசி முற்றியபிறகு ஆர்டர் செய்யாதீர்கள். கனமான மாவுக் கிண்ணத்தில் பாலாடைக்கட்டியும் மேலே தக்காளியுமாக வேகும் அதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு ஆளுக்கான சிறிய அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் இருக்கும். பட்டியலில் போட்டிருக்கும் விலைதான் பில் என்றும் நினைக்காதீர்கள். அதன்மேல் பத்து சதவீதத்துக்கும் கூடுதலாக வரி, பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ்.

• மே மாதம்தானே என்று மேல்சட்டை இல்லாமல் ஏரிப்பக்கம் போகாதீர்கள். ஊருக்குள் இதமாக இருக்கும் நாளில்கூடக் கரையில் குளிர்காற்று வெட்டும். டிசம்பர் கடைசியில் போவதாக இருந்தால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே நடக்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோடையில் ஏரியில் இறங்க ஆசைப்பட்டால் உயிர்காவலர் இருக்கும் கரைகளில், அவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும். நன்னீர் ஏரிதானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது, அலையும் இழுப்பும் உண்டு. குளிர்காலத்தில் கரையோரம் உறைந்து கிடக்கும் பனித்திட்டின்மேல் படம் எடுப்பதற்காகக் கால் வைக்காதீர்கள். அடியில் நிலம் இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தனியாக இருப்பவர் விழுந்தால் கூப்பிடவும் பக்கத்தில் ஆள் இல்லை.