பென்சில் அப்புறம் அம்மிணி, முதல்ல விரல்!

ரெண்டரை வயசுப் புள்ளை கையில பென்சிலைத் திணிச்சு, "அ போடு தங்கம்"னு உட்கார வைக்கிற அம்மாக்களைப் பீளமேட்டிலும் பாக்குறேன், பெருந்துறையிலும் பாக்குறேன். வேண்டாம் கண்ணு. கைத்திறன் வயசோடதான் வரும். நீ வேலைக்கு ஓடுறவ, சுருக்கமாச் சொல்றேன்.

1. வயசுக் கணக்கைத் தெரிஞ்சுக்க. அஞ்சாறு மாசத்துல உள்ளங்கையால வாரிப் பிடிக்கும். ஒன்பது, பத்து மாசத்துல கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கும். பார்த்து வரையுறதுன்னா மூணு வயசுல வட்டம், நாலுல கூட்டல் குறி, அஞ்சுல முக்கோணம். முக்கோணமே வராத விரல்கிட்ட 'இ' சுழியைக் கேட்டா எப்படி? கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பக்கத்து வீட்டுப் புள்ளையோட ஒப்பிடாதே.

2. பயிற்சிக்குத் தனி நேரம் தேடாதே, சமையக்கட்டே போதும். இட்லியை உதிர்த்துத் தட்டுல போடு, தானே கிள்ளித் தின்னட்டும். சிந்தும், சிந்தட்டும். நீ ஊட்டிவிட்டா உனக்குப் பத்து நிமிசம் மிச்சம், விரலுக்கு ஒரு வேளை வேலை போச்சு. மூணு வயசுல சப்பாத்தி மாவு உருட்டட்டும். நாலுல சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். வேன் வந்துருச்சுன்னு நீ போட்டுவிடாதே, பத்து நிமிசம் முன்னாடி எழுப்பு. அஞ்சு வயசு தாண்டினதும் கடலைக்காய் தொலிக்க, பூக் கட்ட விடு.

3. அஞ்சு வயசுக்குள்ள கடலைப்பருப்பு, புளியங்கொட்டை கைக்கு எட்டவே கூடாது. மூச்சுக்குழாய்ல அடைச்சுக்கும். ரிமோட்டுல இருக்கிற பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

4. விஜயதசமிக்கு அரிசியில விரலால எழுத வைக்கிறோமே, அதையே தட்டுல ரவை பரப்பித் தினமும் செய்.

5. இடது கைப் பழக்கத்தை அடிச்சு மாத்தாதே. ஆனா ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே ஒரு கையை மட்டும் நீட்டி, இன்னொண்ணை மடக்கியே வெச்சிருந்தா டாக்டர்கிட்டக் காட்டு.

6. கைத்திறனை டாக்டருங்க எப்படி அளப்பாங்க? ஒரு பலகையில ஒன்பது குழி, ஒன்பது குச்சி. ஒவ்வொண்ணா சொருகி, ஒவ்வொண்ணா எடுக்கணும். ஒவ்வொரு கைக்கும் தனியா ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாப்பாங்க. இருபது வயசுக்காரங்க 16, 17 செகண்டுல முடிப்பாங்க. எழுபது தாண்டினா 20 செகண்டுக்கு மேல போகும். அதனால மாமியார் ஊசியில நூல் கோர்க்கத் தாமதமானா சலிச்சுக்காதே. ஆனா ஒரு கை திடீர்னு சோர்ந்து டம்ளர் நழுவினா வயசுன்னு விட்டுடாதே, பக்கவாதமா இருக்கலாம், 108-க்கு அடி.

7. 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே.ங்கிற அரசு குழந்தைகள் நலத் திட்டத்துல மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து, வளர்ச்சித் தாமதம் இருக்கான்னு இலவசமாப் பாக்குது. அன்னிக்கு லீவு போட்டாவது புள்ளையைக் கூட்டிட்டுப் போ. தேதியை அங்கன்வாடி டீச்சர்கிட்ட இந்த வாரமே கேட்டு வெச்சுக்க.