ஸ்ட்ராபெரியை எப்போது பறிக்கலாம்?

மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைத்துவிடலாம். ஸ்ட்ராபெரியிடம் அது செல்லாது. பின்னால் சர்க்கரையாக மாறும் அளவுக்கு மாவுச்சத்து அதில் சேமிப்பில் இல்லை; இனிப்பு முழுவதும் இலையில் உருவாகிக் காம்பு வழியாகத்தான் வரவேண்டும். அரைப்பழமாகப் பறித்தால் கூடையிலேயே சிவக்கும், இளகும், இனிக்காது. கொடைக்கானலில் ஆசையாக வாங்கிய செக்கச்சிவந்த பழம் பல நேரம் புளிப்பது இதனால்தான்.

ஆகவே, தொட்டியில் வளர்த்தாலும் தோட்டத்தில் வளர்த்தாலும் பூ விரிந்ததுமே காம்பில் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். அன்றிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஒரு மாதம். குளிர் கூடினால் இன்னும் தள்ளிப்போகும்.

பூவைத் தேனீ தேடி வரவேண்டும். பழத்தின் மேல் விதைபோலத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தாவரவியல்படி ஒரு தனிக் கனி. அது கருவுற்றால்தான் அதில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சுரந்து, அடியிலுள்ள சதை பருக்கும். மகரந்தம் சேராத பக்கம் சதை வைக்காமல் பழம் கோணிப்போகும். பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் மெல்லிய தூரிகையால் பூவின் நடுமேட்டைச் சுற்றிலும் தடவிவிடுங்கள்.

பச்சைக்காய் பருத்து வெளுக்கும்போது ஆக்சின் குறைந்து, பழுக்கும் வேலை தொடங்குகிறது. இங்கிருந்துதான் கவனம் கூட வேண்டும். தழைச்சத்து உரம் இனி வேண்டாம், பழம் கொழகொழத்துவிடும். மண் காயாமல் அளவாகத் தண்ணீர் விடுங்கள். அதிகமானால் சுவை நீர்த்துப்போகும். பழம் மண்ணில் படாதபடி வைக்கோல் பரப்புங்கள், இல்லையென்றால் சாம்பல்நிறப் பூஞ்சணம் பிடிக்கும்.

சிவப்பு பெரும்பாலும் நுனியில் தொடங்கி மேலே ஏறும். முக்கால் சிவப்பைக் கண்டதும் கை துறுதுறுக்கும். தொலைதூரச் சந்தைக்கு அனுப்புபவர்கள் பறிப்பதும் அப்போதுதான். வீட்டுக்கென்றால் பொறுங்கள். புளிப்பு தணிந்து மணம் கூடுவது கடைசி சில நாள்களில்தான். காம்படியில் உள்ள பச்சை இதழ்களை விரலால் தூக்கிப் பாருங்கள். அவற்றின் கீழே வெள்ளை வளையம் இருந்தால் விட்டுவிடுங்கள். சில ரகங்களில் தோள்பட்டை கடைசிவரை வெளுத்தே இருக்கும். அங்கே மூக்கை நம்புங்கள்.

காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் பறியுங்கள். பழத்தைப் பிடித்து இழுக்காமல் காம்பை நகத்தால் கிள்ளுங்கள். பச்சை இதழ்கள் பழத்தோடு வரட்டும். ஒரே அடுக்காகப் பரப்பி, கழுவாமல் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம்.