அலுவலக நெட்வொர்க்கும் கிளவுட் சர்வரும் பேச மறுக்கிறதா? வி.பி.என். பழுது நீக்கும் வழிகள்

முன்பெல்லாம் அலுவலகத்தின் ஒரு மூலையில் சர்வர் கம்ப்யூட்டர் இருக்கும். கணக்கு, பில், ஸ்டாக் எல்லாம் அதிலேயே. இன்று சிறிய கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் கூட அந்த சர்வரை கிளவுடில் வாடகைக்கு எடுத்து வைக்கின்றன. அலுவலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் அந்த சர்வரை, பக்கத்து அறையில் இருப்பது போலப் பயன்படுத்த உதவுவதுதான் சைட்-டு-சைட் வி.பி.என்.

இது வேலை செய்யும் வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் பில் போட முடியாது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார். அந்தப் பதற்றத்தில் பலர் ரௌட்டரில் கண்டதையெல்லாம் மாற்றி, சிறிய பழுதைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். ஒழுங்கான வரிசையில் சோதித்தால் பெரும்பாலான கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையை இங்கு காண்போம். எடுத்துக்காட்டாக அமேசான் வெப் சர்வீசஸ் கிளவுடை எடுத்துக் கொள்வோம். மற்ற நிறுவனங்களின் கிளவுடிலும் அடிப்படை இதேதான்.

வி.பி.என். எப்படி இணைகிறது?

உங்கள் அலுவலக ரௌட்டரும் கிளவுடில் உள்ள கேட்வேயும் இணையத்தின் வழியே ஒரு டனல், அதாவது சுரங்கப் பாதை, அமைத்துக் கொள்கின்றன. இதற்கு ஐபிசெக் என்ற முறை பயன்படுகிறது. இணைப்பு இரண்டு கட்டங்களில் நடக்கும்.

முதல் கட்டத்தில் இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கொள்கின்றன. இருவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல் (ப்ரீ-ஷேர்டு கீ) இங்கு சரிபார்க்கப்படும். இரண்டாம் கட்டத்தில் எந்த நெட்வொர்க்கிலிருந்து எந்த நெட்வொர்க்கிற்குத் தகவல் செல்லலாம், அதை எந்த முறையில் பூட்டி அனுப்புவது என முடிவாகும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே உங்கள் டேட்டா பயணிக்கும். எனவே பழுது எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

தொடங்கும் முன் ஒரு தாள்

ஒரு தாளில் கீழ்க்காணும் விவரங்களை இரு பத்திகளாக எழுதவும். ஒன்று அலுவலகம், மற்றொன்று கிளவுட்.

- பப்ளிக் ஐ.பி. முகவரி
- உள் நெட்வொர்க் முகவரி (உதாரணம்: அலுவலகம் 192.168.10.0/24, கிளவுட் 10.20.0.0/16)
- ஐ.கே.இ. பதிப்பு (1 அல்லது 2)
- என்கிரிப்ஷன், ஹேஷ், டி.எச். குரூப் எண்
- முதல் கட்ட, இரண்டாம் கட்ட ஆயுள் நேரம்

அமேசானில் இந்த ஆயுள் நேரம் வழக்கமாக முறையே 28,800 விநாடிகள் (8 மணி நேரம்), 3,600 விநாடிகள் (1 மணி நேரம்). இரு பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதித் தவறுகள் கண்ணில் பட்டுவிடும்.

படி 1: இணையமும் ஐ.பி. முகவரியும்

முதலில் இணையம் வருகிறதா எனப் பாருங்கள். பின்னர் ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐ.பி. முகவரி என்ன எனக் குறித்துக் கொள்ளவும். இணைய நிறுவனத்தை மாற்றியிருந்தாலோ, ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்காமல் இருந்தாலோ இந்த முகவரி மாறியிருக்கலாம். கிளவுடில் கஸ்டமர் கேட்வே என்ற இடத்தில் பழைய முகவரி இருந்தால் டனல் வராது.

அந்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பப்ளிக் முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறது என்று பொருள். இந்நிலையில் ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்து, யூ.டி.பி. போர்ட் 500, யூ.டி.பி. போர்ட் 4500, மற்றும் இ.எஸ்.பி. எனப்படும் புரோட்டோகால் எண் 50 ஆகியவை தடுக்கப்படாமல் இருக்க வேண்டும். இணைய நிறுவனம் தந்த மோடத்திற்குப் பின்னால் உங்கள் ரௌட்டர் இருந்தால் 4500 மிக அவசியம். இங்கே 50 என்பது போர்ட் எண் அல்ல. பலர் போர்ட் 50 ஐத் திறந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை எனக் குழம்புவதுண்டு.

படி 2: லாக் என்ன சொல்கிறது?

ரௌட்டரின் லாக் பக்கத்தைத் திறந்திடவும். கீழ்க்காணும் செய்திகளில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

"நோ ப்ரபோசல் சோசன்": என்கிரிப்ஷன், ஹேஷ், டி.எச். குரூப் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இரு பக்கமும் பொருந்தவில்லை. நீங்கள் எழுதிய தாளைப் பாருங்கள்.

"ஆதென்டிகேஷன் ஃபெயில்டு": ரகசியச் சொல் தவறு, அல்லது முனையின் அடையாளம் தவறு. காப்பி செய்கையில் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக் கொண்டு வருவது வழக்கமான தவறு. அமேசானில் இந்தச் சொல் 8 முதல் 64 எழுத்துகள் வரை இருக்கலாம். பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது. எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டுமே வரலாம்.

"டி.எஸ். அன்அக்செப்டபிள்": இரண்டாம் கட்டத்தில் தந்த நெட்வொர்க் முகவரிகள் பொருந்தவில்லை. ஒரு பக்கம் /24 எனவும் மறுபக்கம் /16 எனவும் இருக்கிறதா எனச் சோதிக்கவும்.

லாகில் எந்தப் பதிலுமே இல்லையா? உங்கள் ரௌட்டர் அனுப்பும் பாக்கெட் மறுமுனைக்குப் போகவில்லை, அல்லது பதில் திரும்பவில்லை. படி 1க்குத் திரும்பவும். அமேசானில் வழக்கமான அமைப்பின்படி இணைப்பை நம் ரௌட்டர்தான் தொடங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

படி 3: டனல் "அப்", ஆனால் சர்வர் வரவில்லை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். பச்சை விளக்கு எரிகிறது; பிங் செய்தால் பதில் இல்லை. ரௌட்டரில் டனலின் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

வெளியே செல்லும் எண்ணிக்கை பூஜ்ஜியமா? பழுது உங்கள் பக்கம். 10.20.0.0/16 என்ற முகவரிக்கு டனல் வழியே செல்லும் ரௌட் இருக்க வேண்டும். மேலும், சாதாரண இணையத்திற்காக ரௌட்டர் செய்யும் நாட் மாற்றம் இந்தப் பாக்கெட்டுகளுக்கு நடக்கக் கூடாது. அதற்கான விலக்கு விதி, நாட் விதிக்கு மேலே இருக்க வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால் இந்த வரிசை முக்கியம்.

வெளியே செல்வது கூடுகிறது, உள்ளே வருவது பூஜ்ஜியமா? பழுது பெரும்பாலும் கிளவுட் பக்கம். அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

1. ரௌட் டேபிள்: 192.168.10.0/24 க்கான பாதை விர்ச்சுவல் பிரைவேட் கேட்வேயைக் காட்ட வேண்டும். ரௌட் ப்ராபகேஷனை இயக்கிவிட்டால் இது தானாக வந்துவிடும்.

2. செக்யூரிட்டி குரூப்: அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்கிற்கும் தேவையான போர்ட்டிற்கும் அனுமதி வேண்டும். இதில் பதில் தானாகத் திரும்பும். ஆனால் நெட்வொர்க் ஏ.சி.எல். மாற்றப்பட்டிருந்தால், அதில் போக, வர என இரு பக்கமும் தனித்தனியே அனுமதி தர வேண்டும்.

3. சர்வரில் உள்ள விண்டோஸ் ஃபயர்வால்: பிங் அனுமதி தந்திருந்தாலும், அது சொந்த சப்நெட்டிற்கு மட்டும் என இருக்கலாம். அங்கு அலுவலக முகவரியையும் சேர்க்கவும்.

ஒரே முகவரி, இரு இடம்

பல ரௌட்டர்கள் 192.168.1.0 என்ற முகவரியுடனேயே விற்பனைக்கு வருகின்றன. கிளவுடிலும் அதையே தந்திருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் அந்த சர்வரைத் தன் அலுவலகத்திலேயே தேடும். பாக்கெட் ரௌட்டருக்கே போகாது. அமேசானில் ஒரு வி.பி.சி.யின் முதன்மை முகவரியைப் பின்னர் மாற்ற முடியாது. எனவே அலுவலக முகவரியை மாற்றுவதே எளிது. பிரிண்டர், கேமரா ஆகியவற்றிற்கும் புதிய முகவரி தர மறக்க வேண்டாம்.

படி 4: இடையிடையே அறுந்தால்

மணிக்கு ஒருமுறை அறுகிறதா? இரண்டாம் கட்ட ஆயுள் முடிந்து புதிய சாவி உருவாகும் நேரம் அது. ஐ.கே.இ. பதிப்பு 2 இல், பி.எஃப்.எஸ். அமைப்பு இரு பக்கமும் பொருந்தாவிட்டாலும் முதல் தடவை டனல் வந்துவிடும். சாவி மாறும்போதுதான் தோற்கும். எனவே "காலையில் வேலை செய்ததே, அமைப்பு சரிதான்" என எண்ண வேண்டாம்.

ஆள் இல்லாத நேரத்தில் அறுகிறதா? டேட்டா எதுவும் செல்லாவிட்டால் டனல் இறங்கிவிடலாம். சில விநாடிகளுக்கு ஒருமுறை சர்வருக்குப் பிங் அனுப்புமாறு ரௌட்டரை அமைத்தால் போதும்.

அலுவலகத்தில் இரண்டு நெட்வொர்க்குகள் இருந்து, ஒன்று வேலை செய்கையில் மற்றொன்று நிற்கிறதா? அமேசான் பாலிசி முறையில் ஒரே ஒரு ஜோடி முகவரி ஒப்பந்தத்தை மட்டுமே ஏற்கும். இரண்டையும் ஒரே பெரிய முகவரியில் அடக்கவும், அல்லது ரௌட் முறைக்கு மாறவும்.

அமேசான் ஒவ்வொரு இணைப்பிற்கும் இரண்டு டனல்களைத் தருகிறது. பராமரிப்பிற்காக ஒன்றை நிறுத்துவதும் உண்டு. ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: பிங் வருகிறது, ஃபைல் திறக்கவில்லை

சிறிய பாக்கெட் போகும், பெரியது சிக்கிக் கொள்ளும். சாதாரண பாக்கெட் 1,500 பைட். ஐபிசெக் தன் உறையைச் சேர்ப்பதால் டனலில் அவ்வளவு இடம் இல்லை. விண்டோஸ் கமாண்ட் விண்டோவில் பிங் கட்டளையுடன் எஃப், எல் என்ற இரு சுவிட்ச்களைச் சேர்த்து, எல்-க்குப் பின் 1472 எனத் தந்து சர்வர் முகவரியை டைப் செய்திடவும். பதில் வராவிட்டால் எண்ணைக் குறைத்துக் கொண்டே வரவும். பதில் வரும் மிகப் பெரிய எண்ணுடன் 28 ஐக் கூட்டினால் அதுவே டனலின் எம்.டி.யு. அதிலிருந்து 40 ஐக் கழித்து வரும் எண்ணை ரௌட்டரில் டி.சி.பி. எம்.எஸ்.எஸ். கிளாம்ப் என்ற இடத்தில் தரவும். எடுத்துக்காட்டாக 1400 வரை சென்றால் எம்.டி.யு. 1428, எம்.எஸ்.எஸ். 1388. பாதுகாப்பாக 1350 எனத் தந்தாலும் தவறில்லை.

முகவரி எண்ணில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் அது டி.என்.எஸ். சிக்கல்; வி.பி.என். பழுது அல்ல. ஓரிரு சர்வர்கள் என்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் பெயரையும் முகவரியையும் எழுதினால் போதும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

டனல் வரவில்லை, வேலை நிற்கிறது என்ற அவசரத்தில் சிலர் "இன்று ஒரு நாள் மட்டும்" என ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389 ஐ இணையம் முழுவதற்கும் திறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் பல மாதங்களாகிவிடும். திறந்த போர்ட்டுகளைத் தேடி இரவும் பகலும் இணையத்தை அலசும் புரோகிராம்கள் உண்டு. அவை பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழைந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பின்னாலேயே வரும். ஒரு நாள் பில் நிற்பது சிறிய நஷ்டம். பல வருடக் கணக்கு போவது ஈடு செய்ய இயலாதது. அவசரம் என்றால் உங்கள் அலுவலக ஐ.பி. முகவரி ஒன்றுக்கு மட்டும் அனுமதி தந்து, வேலை முடிந்ததும் அந்த விதியை நீக்கிவிடவும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மாற்றும் முன் ரௌட்டரின் செட்டிங்ஸை பேக்கப் எடுத்து வையுங்கள். எல்லாம் சரியான பின், அந்தத் தாளை ரௌட்டர் அருகே ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். ரகசியச் சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.